மோரிஸ் காடிக்கு இருக்கை தைத்தவள்

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போய் என்ற ஊரில், டயர் கடைக்கும் சைலன்சர் ஒட்டுகிற கடைக்கும் நடுவே கிருஷ்ணம்மாவின் குஷன் கடை இருக்கிறது. காடிகளுக்கு இருக்கை தைப்பது அவள் தொழில். ஜொகூரில் காரைக் காடி என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். இருபது வருஷமாக மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தே பிழைத்தவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சவில்லை.

மிஞ்சாததற்குக் காரணமும் இருந்தது. கோட்டும் டையுமாக வந்து இறங்குகிறவனின் இருக்கையைக் கழற்றினால் அடியில் வெட்டிப்போட்ட நகங்கள் கிடக்கும். பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு வருகிற அம்மாளின் இருக்கை இடுக்கில் கோழி எலும்பு கிடக்கும். ஒரு முறை கோயில் தலைவர் ஒருவரின் காடியில், கோயில் பெயர் அச்சடித்த நன்கொடை உறைகள் ஏழு, பிரித்துக் காலியான நிலையில் கிடைத்தன. கிருஷ்ணம்மா அவற்றை அடுக்கி ரப்பர் வளையம் போட்டு, சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார்.

கோத்தா திங்கிக்கு அப்பால் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பதினேழு வயதில் ஜொகூர் பாருவுக்கு வந்து, விடிவதற்கு முன்னே கம்பெனி பஸ் ஏறி, பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பஸ் இருக்கைகள் தைத்தாள். இருபத்தோரு வருஷம். அதில் நடுவே கல்யாணம் ஒன்று நடந்தது. கணவன் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். அவனைப் பற்றி யாராவது கேட்டால் கிருஷ்ணம்மா, "தூங்குவான்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பிறகு தம்போயில் கடை போட்டாள். கை சுத்தம், வாய் கசப்பு என்று அந்த வரிசையில் பெயர் வாங்கினாள். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

அவளிடம்தான் டாக்டர் விஜயேந்திரன் வந்து சேர்ந்தார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அதை அவர் பேச்சில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, வாசனைத் தைலம். அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. லாரிமேல் ஒரு காடி.

கிருஷ்ணம்மாவே கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். 1923-ஆம் வருஷத்து மோரிஸ். முன்பக்கம் துப்பாக்கிக் குண்டின் மூக்குப் போல உருண்டு, பித்தளை பளபளக்க நின்றது. கரும்பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு, தடித்த ஆரக்கால் வைத்த சக்கரங்கள். கூரை கிடையாது, மடக்கி விரிக்கிற கான்வாஸ்தான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பெட்டி போலிருந்த மூடியைத் திறந்தால் அதுவே சாய்மானமாக நின்று, திறந்தவெளியில் இன்னும் இருவருக்கு ஒரு சின்ன இருக்கை. இரண்டு இடத்திலும் வெறும் பலகை மட்டும் இருந்தது.

"எல்லாம் நானே என் கையால பண்ணது," என்றார் டாக்டர். "ஆறு வருஷம் லா. இருக்கை மட்டும்தான் பாக்கி."

கிருஷ்ணம்மா அவர் கையைப் பார்த்தாள். பஞ்சு போன்ற கை. எஞ்சினைச் சரிசெய்தது ஸ்கூடாயில் இருந்த ஒரு கிழட்டுச் சீன மெக்கானிக், தகரம் தட்டியது உலு திராமில் ஒருவர், மர வேலை செய்தது பத்து பகாட்டில் ஒரு மலாய் ஆசாரி என்று லாரி டிரைவர் ஏற்கெனவே அவளிடம் சொல்லிவிட்டிருந்தான். டாக்டரின் கை செய்தது கைப்பேசியில் படம் எடுத்தது.

"யாரு காடி டாக்டர் இது?" என்று கேட்டாள்.

அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க தாத்தா தம்பிராஜா. அரசாங்கத்துல தலைமைக் கிளார்க். அந்தக் காலத்துல ஜொகூர் பாருவுல தமிழன்ல காடி வெச்சிருந்தது அவரு ஒருத்தர்தான். புதுசா கப்பல்ல வரவழைச்சு வாங்கினது."

"பின்னால இருக்கிற இதுல யாரு உக்காருவா?"

"டிக்கியா? வேலைக்காரங்க உக்காருவாங்க. மழை பெய்ஞ்சா நனைவாங்க, அவ்வளவுதான்." டாக்டர் சிரித்தார். "அதுக்கு நல்ல தோல் வேணாம் கிருஷ்ணம்மா. ரெக்ஸின் போட்டாப் போதும். முன்னால மட்டும் அசல் தோல்."

கிருஷ்ணம்மாவின் அப்பா தோட்டத்தில் லாரியின் பின்னால் நின்றபடியே முப்பது வருஷம் வேலைக்குப் போனவர். முன்னிருக்கைக்கும் டிக்கிக்கும் ஒரே தோலையே வெட்டுவது என்று அவள் அந்த நிமிஷமே முடிவுசெய்தாள்.

அளவும் மாதிரியும் வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்திய இருக்கையில் எத்தனை மடிப்பு வரி, எங்கே பொத்தான், உள்ளே சுருள் கம்பி எத்தனை வரிசை என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய இருக்கை எங்கே என்று கேட்டாள்.

"அது இத்துப் போச்சு. பெக்கான் நானாஸ்ல காடிய வெச்சிருந்த எடத்துலயே போட்டுட்டு வந்துட்டேன்," என்றார் டாக்டர் அலட்சியமாக. வற்புறுத்திக் கேட்டதும் ஒரு டெலிபோன் நம்பரைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மா தன் வேனை எடுத்துக்கொண்டு பெக்கான் நானாஸ் போனாள். அன்னாசித் தோட்டத்து ஓரமாக ஒரு பலகை வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை. வாசல் மாமரத்தடியில் எழுபது தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது மோரிஸ் காடியின் பழைய முன்னிருக்கைமேல்தான். தோல் கிழிந்து, குதிரைமுடி வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் சுருள் கம்பிகள் இன்னும் தாங்கின.

அவள் பெயர் வெள்ளையம்மா. டாக்டருக்குக் காடியை விற்றது அவள் மகன். விற்றுவிட்டு அவன் சிங்கப்பூர் போய்விட்டான்.

"தாராளமா அளந்துக்க தங்கச்சி," என்றாள். கிருஷ்ணம்மா இருக்கையைக் கவிழ்த்து வரிகளை எண்ணி, அட்டையில் வரைந்துகொண்டே சும்மா கேட்டு வைத்தாள்: "டாக்டரோட தாத்தா காடி இங்க எப்படிக்கா வந்துச்சு?"

"எந்தத் தாத்தா?" என்றாள் வெள்ளையம்மா. "இது எங்க மாமனாரு காடிதான்."

பிறகு கதை முழுக்க வந்தது. வெள்ளையம்மாவின் மாமனார் முத்து, அன்னாசியை டின்னில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றின் வெள்ளைக்கார மானேஜருக்கு டிரைவர். மானேஜர் எங்கேயோ பழையதாக வாங்கிய காடி அது. ஜப்பான்காரன் படை தெற்கே இறங்கி வந்தபோது மானேஜர் சிங்கப்பூருக்கு ஓடினார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. காடியை ரோட்டோரம் விட்டுவிட்டு ராணுவ லாரியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். முத்துவை லாரியில் ஏற்றவில்லை. முத்து இரண்டு மாட்டைப் பிடித்துவந்து, காடியில் கட்டி, காட்டுப் பாதையாகவே இழுத்து வந்தார். சக்கரத்தைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். காடியைச் சருகாலும் அன்னாசித் தழையாலும் மூடினார். மூன்றரை வருஷம். ஜப்பான்காரன் இரண்டு தடவை வந்து தேடினான். ஒரு தடவை முத்துவை அடித்ததில் இடது காது போயிற்று. அவர் வாய் திறக்கவில்லை.

"சண்டை முடிஞ்சு அந்த மானேஜரு வருவாருன்னு காத்திருந்தாராம். ஒப்படைக்கணும்னு. அவரு வரவேயில்ல," என்றாள் வெள்ளையம்மா.

கிருஷ்ணம்மா அட்டையை மடித்தாள். தாத்தாவாம், கப்பலாம். டாக்டரின் வாசனைத் தைலம் இப்போதும் மூக்கில் ஏறுவதுபோலிருந்தது. தலைமைக் கிளார்க் தம்பிராஜா என்று ஒருவர் இருந்திருக்கலாம். அவர் சைக்கிளில் ஆபீஸ் போயிருப்பார். அதில் என்ன கேவலம்? அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, காது போன ஒருவரின் காடியை எடுத்துத் தாத்தாவின் காலடியில் நிறுத்துகிற மனுஷனை என்ன சொல்வது?

இரண்டு மாதம் உழைத்தாள். சாக்குத்துணி, குதிரைமுடி, பருத்தி, மேலே தோல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, வளைந்த ஊசியில் மெழுகு நூல் கோத்துக் கையாலேயே தைத்தாள். வேலையில் அவள் வெறுப்பைக் காட்டவில்லை. மட்டமானவனுக்கும் மட்டமாகத் தைக்கத் தெரியாத கை அவளுடையது. டாக்டர் வந்து பார்த்தார். டிக்கியிலும் தோலைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இதுக்கெதுக்கு இவ்வளவு?"

"நனையுறவங்களுக்குத்தான் நல்ல தோல் வேணும் டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. "டங்கா பே பக்கத்துல பழைய காடி கண்காட்சி வருது," என்றார். "நீங்களும் வாங்க. டிக்கில உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

"வரேன்," என்றாள் கிருஷ்ணம்மா. அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதைக் கண்டு டாக்டர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அளவுக்கு அவர் பிறத்தியாரைக் கவனிக்கிறவர் இல்லை.

கண்காட்சி நாளன்று காலை கிருஷ்ணம்மா பெக்கான் நானாஸ் போய் வெள்ளையம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டாள். "உங்க மாமனாரு காடிய எப்படி ஆக்கியிருக்காங்கன்னு வந்து பாருங்கக்கா" என்றுதான் சொன்னாள். வெள்ளையம்மா நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கடலோரத் திடலில் முப்பது காடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முதலாளி, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் வெள்ளைத் தொப்பியும் தோல் கையுறையுமாக மோரிஸ் பக்கத்தில் நின்றார். அவர் மனைவி ஷாந்தினி பழைய காலத்துக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்காகப் பிடித்ததல்ல, படத்துக்காகப் பிடித்தது. அருகே ஒரு தட்டி. தாத்தா தம்பிராஜா 1923-இல் வாங்கியது, மூன்று தலைமுறையாகக் குடும்பச் சொத்து, சீரமைத்தவர் டாக்டர் விஜயேந்திரன் என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தது. மெக்கானிக், தகரம் தட்டியவர், ஆசாரி, தைத்தவள், யார் பெயரும் இல்லை. தன் பெயர் இல்லாததில் கிருஷ்ணம்மாவுக்கு ஆச்சரியமில்லை. அவள் வந்தது வேறு காரியத்துக்கு.

தமிழ்ப் பத்திரிகையிலிருந்து சிந்துஜா என்று ஓர் இளம்பெண் நிருபர் வந்திருந்தாள். டாக்டர் அவளிடம் தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருபது முப்பது பேர்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று வெள்ளையம்மா தட்டியைக் காட்டினாள்.

"டாக்டரோட தாத்தா வாங்குன காடியாம்."

"இதென்ன கூத்து!" வெள்ளையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "டாக்டரே, இது எங்க மாமனாரு காடியாச்சே. மானேஜரு விட்டுட்டு ஓடுனத அவருல்ல பொத்திப் பொத்தி வச்சாரு. எங்க கொட்டாயிலேருந்துதானே நீங்க ஏத்திட்டு வந்தீங்க?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சிந்துஜாவின் விரல்கள் நின்றன. ஷாந்தினியின் குடை சாய்ந்தது. கிருஷ்ணம்மா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இருபது மைலுக்கு மேல் போய்த் திரும்பி வந்திருந்தாள்.

டாக்டருக்கு இரண்டு மூச்சு நேரம்தான் தேவைப்பட்டது. வலிக்காது என்று சொல்லிப் பல்லைப் பிடுங்குகிற சிரிப்பு அவர் முகத்தில் விரிந்தது.

"அடடே, வெள்ளையம்மா ஆண்டி! வாங்க, வாங்க!" அவள் தோளைப் பிடித்து எல்லோரையும் பார்க்கத் திருப்பினார். "இவங்க மாமனார் முத்து. எங்க தாத்தாவோட டிரைவர். ஜப்பான்காரன் வந்தப்ப தாத்தா அவர நம்பித்தான் காடிய ஒப்படைச்சார். உயிரைக் கொடுத்துக் காப்பாத்தினார். அந்த விசுவாசம் இந்தக் காலத்துல எங்க இருக்கு, சொல்லுங்க?"

கூட்டம் கை தட்டியது. யாரோ, "அலமாக், என்ன ஒரு கதை!" என்றார்கள்.

"அக்கா, பொய்யின்னு சொல்லுங்க," என்றாள் கிருஷ்ணம்மா.

அதற்குள் டாக்டர் காடியின் முன்கதவைத் திறந்துவிட்டிருந்தார். "ஆண்டி, நீங்க முன்னால என் பக்கத்துல உக்காருங்க. ஒரு ரவுண்டு போலாம்."

வெள்ளையம்மா திறந்த கதவைப் பார்த்தாள். உள்ளே புதுத் தோல் மினுங்கியது. "அப்படித்தானே ஆண்டி, முத்து எங்க தாத்தாவோட டிரைவர்தானே?" என்றார் டாக்டர்.

"ஆமா," என்றாள் வெள்ளையம்மா.

கிருஷ்ணம்மா நிருபர் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, எழுதிக்க. இவரு தாத்தா இந்தக் காடியத் தொட்டதும் இல்ல, அந்த மனுஷன் இவரு தாத்தாவுக்கு டிரைவரும் இல்ல."

"நீங்க யாரு ஆண்டி?"

"சீட்டு தச்சவ."

சிந்துஜா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். "எங்க குஷன்காரம்மா. கொஞ்சம் கோவக்காரங்க. கிருஷ்ணம்மா, நீங்க டிக்கில ஏறிக்குங்க, எடமிருக்கு."

"அங்க உங்க தாத்தாவ உக்கார வைங்க. பாவம், நீங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து நிக்கிறாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் காது கேட்காததுபோல் நின்றார்கள். காடி புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. முன்னால் வெள்ளையம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. விசுவாசத்துக்கு மரியாதை என்று தலைப்பு.

கிருஷ்ணம்மாவுக்கு டாக்டர்மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்ததுதான். வெள்ளையம்மாவை நினைத்தால்தான் நாக்கு கசந்தது. ஒரு கதவைத் திறந்துவிட்டதற்காக மாமனாரை வேலைக்காரனாக்கிவிட்டாளே! அடுத்த ஞாயிறு, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றே பெக்கான் நானாஸ் போனாள்.

வெள்ளையம்மா அன்னாசி வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தாள். கிருஷ்ணம்மா தொடவில்லை.

"ஏன்க்கா ஆமாம் போட்டீங்க?"

"உக்காரணும்னு இருந்துச்சு, உக்காந்தேன்."

"அதுக்காக?"

வெள்ளையம்மா கத்தியைத் துடைத்து வைத்தாள். "எங்க மாமனாரு அத ஓட்டுனப்ப எங்க மாமியா ஒரு நாளு ஏறுனதில்ல. மானேஜரு பொண்டாட்டி நாயி ஏறும், இவங்க ஏறக் கூடாது. அப்புறம் ஒளிச்சு வச்சாரு. ஒளிச்சு வச்ச காடில எங்க ஏத்துறது? அப்புறம் எஞ்சினு செத்துப் போச்சு. நான் கல்யாணமாகி வந்தப்ப அதுல கோழி அடைகாத்துச்சு. அந்தக் காடி ஓடி, ஓட்டுனவரத் தவிர இந்த வீட்டுல ஒருத்தரும் உக்காந்ததில்ல. அன்னிக்கி நான் உக்காந்தேன். எந்தத் தாத்தாவா இருந்தா எனக்கென்ன?"

"உங்க மாமனாரு பேரு என்னாகுறது?"

"அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சு. பேர வச்சு அவரு என்ன பண்ணப் போறாரு?" வெள்ளையம்மாவின் குரல் சட்டென்று மாறியது. "நீ என்னய எதுக்குக் கூட்டிட்டுப் போன? காடி பாக்கவா? அந்தாளு மூஞ்சில கரி பூசத்தானே? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நானும் பூ வச்சுக்கிட்டு வந்தேன்."

கிருஷ்ணம்மா தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். திரும்பும் வழியெல்லாம், இத்தனை வருஷம் மற்றவர்கள் இருக்கையைப் பிரித்துப் பார்த்துக் காறித் துப்பிய மனசு, தன்னுடையதைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி துப்பியது. வெள்ளையம்மாவை டாக்டர் கூட்டத்துக்குக் காட்டினார். கிருஷ்ணம்மாவோ அவளை டாக்டருக்கு எதிராகக் காட்டக் கூட்டிப் போனாள். கதவையாவது அவர் திறந்துவிட்டார்.

இதனால் டாக்டர்மேல் மரியாதை வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அவர் டிக்கித் தோலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். டிக்கி மூடியைத் திறந்துபோட்டு மழையில் விட்டிருக்கிறார்கள். தோல் ஊறி, பூஞ்சை பிடித்து, நாறியது. "தோல் போட்டது உங்க தப்புதான் கிருஷ்ணம்மா. நான் அப்பவே ரெக்ஸின்னு சொன்னேன்," என்றார்.

"தச்சுத் தரேன். அந்தத் தட்டில முத்து பேர எழுதுங்க. டிரைவர்னு இல்ல, காப்பாத்துனவருன்னு. எங்க பேரெல்லாம் வேணாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "தட்டிய எல்லாம் யாரு படிக்கிறா லா?"

"யாரும் படிக்கலன்னா அவ்வளவு பொய்ய எதுக்கு எழுதுனீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு நோயாளி காத்திருப்பதாகச் சொன்னார், போய்விட்டார். வேறு கடையில் ரெக்ஸின் போட்டுக்கொண்டார் என்று கேள்வி. கிருஷ்ணம்மா அவர் விட்டுப்போன நனைந்த தோலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர் இருக்கையைப் பிரிக்க உட்கார்ந்தாள். அதற்குள் சிகரெட் துண்டுகளும் தோற்றுப்போன லாட்டரிச் சீட்டுகளும் கிடந்தன. பொய் எதுவும் இல்லை.

பெக்கான் நானாஸ் பக்கம் வேலை இருந்தால் இப்போதும் வெள்ளையம்மா வீட்டில் நிற்கிறாள். இருவரும் அந்தக் காடியைப் பற்றிப் பேசுவதில்லை. மோரிஸ் டாக்டர் வீட்டு முகப்பில் துணி போர்த்திக் கிடக்கிறது. அவருக்கு அது அலுத்துவிட்டது என்று ஷாந்தினியே பசாரில் பார்த்தபோது சொன்னாள். இப்போது ஒரு பழைய ராணுவ ஜீப்பைப் பார்த்து வைத்திருக்கிறாராம். அதை எந்தத் தாத்தா ஓட்டினார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.